ஸ்லீப்அவே கேம்ப்: ஒரு மொக்கைப் படமும் ஒரு பட்டப்பேரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ், அந்த ரிலீஸ்ல விழுந்த ஓட்டையை அடைக்க இன்னொரு ரிலீஸ்னு பொழப்பு ஓடிட்டிருந்துச்சு. போன சனிக்கிழமைதான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சுல ஒரு பழைய கொலைப்படத்தைத் திரும்பப் பாத்தேன். பாத்ததுல இருந்து மனசு சரியில்ல. எழுதிட்டா கொஞ்சம் சரியாகும்னு ஒரு நப்பாசை. அதான் இந்தப் பதிவு.

படத்தோட பேரு 'ஸ்லீப்அவே கேம்ப்'. 1983-ல வந்த அமெரிக்கப் படம்.

டிஸ்கி: கிளைமாக்ஸை உடைக்கப் போறேன். நாப்பது வருஷத்துக்கும் மேல பழைய படம், அதனால பாவம் இல்லைன்னு நெனைக்கிறேன். 1980-ல 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வந்தப்போ, ஜீன் சிஸ்கெல்ங்கிற சிகாகோ விமர்சகர் படத்து மேல இருந்த கடுப்புல, கொலையாளி யாருன்னு விமர்சனத்துலயே வேணும்னே போட்டு உடைச்சாரு. அப்பவும் கூட்டம் குறையல. நானும் அதைத்தான் பண்ணப்போறேன். ஆனா கடுப்புல இல்ல. முடிவைச் சொல்லாம நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது, அவ்ளோதான்.

*

முதல்ல கொஞ்சம் வரலாறு (தூங்கிடாதீங்க சாமிகளா).

அந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்'தை நியூ ஜெர்சில ஒரு சாரணர் முகாம்ல வெச்சு எடுத்தாங்க. செலவு சுமார் 5.5 லட்சம் டாலர். அமெரிக்காவுல மட்டும் வசூல் கிட்டத்தட்ட 4 கோடி டாலர். நம்ம கோடம்பாக்கத்துல ஒரு பேய்ப்படம் ஓடினா அடுத்த ஆறு மாசத்துக்கு பங்களா வாடகை ஏறுமே, அதே கதைதான் அங்கயும். ஒரு ஏரி, நாலு மரக் கேபின், பத்துப் பதினஞ்சு பசங்க, ஒரு கத்தி. இது போதும், படம் ரெடி. 1981-ல 'தி பர்னிங்'னு ஒண்ணு வந்துச்சு. அப்புறம் வரிசையா வந்துச்சு.

அந்த வரிசைல வந்ததுதான் நம்ம படமும். எழுதி இயக்குனவரு ராபர்ட் ஹில்ட்ஸிக். முதல் படம். பட்ஜெட் சுமார் 3.5 லட்சம் டாலர். நியூயார்க் மாநிலத்தோட வடக்குப் பக்கம் ஆர்கைல்னு ஒரு ஊர். சின்ன வயசுல அவரே போயிட்டு வந்த ஒரு பழைய கேம்ப்லதான் படப்பிடிப்பு. இந்தப் படத்துக்கு அப்புறம் மனுசன் வக்கீல் ஆயிட்டாரு. (ஒரு படம் எடுத்துட்டு உருப்படியான வேலைக்குப் போன ஒரே டைரக்டர்னு எங்க ரூம்ல ஓட்டுவோம்.) 2008-ல இன்னொரு பாகத்தோட திரும்ப வந்தாரு. அதை விட்டுடுவோம்.

கதை இதுதான். ஒரு அப்பா, அவரோட ரெண்டு பசங்க, ஏஞ்சலா, பீட்டர். ஏரியில மோட்டார் படகு மோதி அப்பாவும் ஒரு குழந்தையும் செத்துப் போறாங்க. பொழைச்ச குழந்தையை மார்த்தான்னு ஒரு அத்தை வளக்குறாங்க. எட்டு வருஷம் கழிச்சு, அத்தை தன் பையன் ரிக்கியையும் ஏஞ்சலாவையும் கேம்ப் அரவாக்குக்கு அனுப்புறாங்க. ஏஞ்சலா யார்கிட்டயும் பேச மாட்டா. சாப்பிட மாட்டா. சும்மா உக்காந்து பெரிய கண்ணை வெச்சு மொறைச்சுப் பாத்துட்டே இருப்பா. கேம்ப்ல ஜூடின்னு ஒருத்தி, மெக்னு ஒரு கவுன்சிலர், ரெண்டு பேரும் அவளைப் பாடாப் படுத்துறாங்க. ஏன் எங்களோட குளிக்க வரமாட்டேங்குற, ஏன் உனக்கு உடம்பு இன்னும் வளரலன்னு கேட்டுக் கேட்டு ஓட்டுறாங்க. தூக்கிக் கொண்டுபோய் ஏரியில போடுறாங்க. பொடிப்பசங்க மண்ணை வாரி எறியுதுங்க. ரிக்கி மட்டும் ஓடி வந்து கெட்ட வார்த்தைல அர்ச்சனை பண்ணுவான்.

ஏஞ்சலாகிட்ட யாரெல்லாம் வம்பு பண்றாங்களோ, அவங்களுக்கெல்லாம் வரிசையா ஏதாவது ஆகும். முதல்ல குழந்தைங்களைத் தப்பான கண்ணோட பாக்குற சமையல்காரன். அவன் மேல கொதிக்கிற தண்ணி. ஒருத்தன் ஏரியில முங்குறான். ஒருத்தன் கக்கூஸுக்குள்ள இருக்குறப்போ தேன்கூடு வந்து விழுது. இப்படிப் போகும்.

கடைசி சீன். ராத்திரி, ஏரிக்கரை. ஏஞ்சலாதான் கொலையாளின்னு தெரிய வருது. அவ எழுந்து நிக்கிறா. உடம்புல துணி இல்ல. அது ஒரு பையனோட உடம்பு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி செத்தது நிஜ ஏஞ்சலா. பொழைச்சது பீட்டர். வீட்டுல ஏற்கனவே ஒரு பையன் இருக்கான், எனக்குப் பொண்ணுதான் வேணும்னு சொல்லி அத்தை பீட்டரை ஏஞ்சலாவாவே வளத்துட்டாங்க. வாயைத் திறந்தபடி நிக்கிற அந்த மூஞ்சில படம் அப்படியே உறைஞ்சு நின்னுடும். பின்னாடி ஒரு மிருகம் மாதிரி சத்தம். அத்தோட பேரு ஓட ஆரம்பிச்சுடும்.

நடிச்ச ஃபெலிசா ரோஸுக்கு அப்ப 13 வயசு. அதனால அந்தக் கடைசி ஷாட்டுக்கு அவங்க மூஞ்சிய அச்செடுத்து முகமூடி பண்ணி, வேறொரு இளைஞருக்கு மாட்டி எடுத்தாங்க. அந்த மூஞ்சி அசையாம அப்படியே இருக்குறதுக்குக் காரணம் அதுதான். பட்ஜெட் இல்லாததால வந்த பயம்னு வெச்சுக்கங்க.

*

இப்ப என் கதை.

2016. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல். காலேஜ் பேரு வேணாம், எந்தக் காலேஜா இருந்தாலும் இதேதான். ஸ்டடி ஹாலிடேஸ். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கு. அதனால படிக்கிறதைத் தவிர மத்த எல்லாம் பண்ணிட்டிருந்தோம். ஒருத்தனோட ஹார்ட் டிஸ்க்ல 'மொக்கை ஹாரர்'னு தனி ஃபோல்டரே இருந்துச்சு. ராத்திரி பதினொன்னு ஆனா வை-ஃபை கட். அதுக்கப்புறம் அந்த ஃபோல்டர்தான் கதி. எங்க ரூம்ல பதினோரு பேரு. கட்டில் ரெண்டையும் ஒட்டிப் போட்டு, லேப்டாப்பை நாற்காலி மேல வெச்சு, லைட்டை அணைச்சு உக்காந்தோம்.

செம கும்மி. சமையல்காரன் மேல தண்ணி கொட்டுனப்போ விசில். தேன்கூடு விழுந்தப்போ ஒன்ஸ்மோர். அத்தை வந்து தலையைச் சாய்ச்சு, விரலைக் கன்னத்துல வெச்சு ஒரு மாதிரி நாடகத்தனமாப் பேசுவாங்க பாருங்க, அதை நிறுத்தி நிறுத்தி மூணு தடவை ஓட்டுனோம். கடைசில ஒரு போலீஸ்காரர் வருவாரு. நடிகர் நடுவுல மீசையை எடுத்துட்டாராம். அதனால ஒட்டு மீசை. நம்ம ஊர் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல கட்டபொம்மனுக்கு ஒட்டுறது இதைவிட நல்லாயிருக்கும்.

ஜூடி ஏஞ்சலாவைச் சீண்டுறப்போ எல்லாம் எங்க ரூம்ல "இவளை முதல்ல போடுங்கடா"ன்னு சத்தம். மெக் செத்தப்போ கைத்தட்டல். பதினோரு பேரும் ஏஞ்சலா கட்சி.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்க எனக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. கைதட்டுன பதினோரு பேர்ல பத்துப் பேரு பகல் முழுக்க ஜூடியாவும் மெக்காவும் இருந்தவனுங்க.

பதினோராவது ஆளு கதவோரமா, தரையில உக்காந்திருந்தான். என் கிளாஸ். அவன் பேரை எழுத மாட்டேன். நான் வெச்ச பேரே அவனுக்குப் போதும்.

கொஞ்சம் மெல்லிசான குரல். பேசறப்ப கை ஆடும். அவ்ளோதான். இதுக்கு மேல அவனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்க முயற்சியும் பண்ணல. எங்க விங்ல எட்டு பாத்ரூம். அதுல மூணுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலைல ஏழு மணிக்கு மேல போனா பக்கெட்டோட வரிசை, துண்டை உருவுறது, கதவைத் தள்ளுறதுன்னு எல்லாம் நடக்கும். "சும்மா ஜாலிக்கு". அவன் விடியக்காலை அஞ்சு மணிக்கே எழுந்து குளிச்சுட்டு வந்துடுவான். டிசம்பர்லயும் அஞ்சு மணி. பச்சத்தண்ணி.

ராகிங் இல்லையான்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல 1997-லயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. எங்க காலேஜ் வாசல்ல போர்டு, நோட்டீஸ் போர்டுல ஹெல்ப்லைன் நம்பர், சேரும்போது அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட பத்திரம்னு எல்லாம் பக்காவா இருந்துச்சு. ஆனா எங்க அகராதில ராகிங்னா சீனியர் ஜூனியருக்குப் பண்றது. ஒரே கிளாஸ்ல, ஒரே மெஸ்ல சாப்பிடுறவனை நாங்க பண்ணதுக்குப் பேரு 'கலாய்க்கிறது'. பேரை மாத்துனா போர்டு நம்மளைப் பத்தி இல்லைன்னு ஆயிடுது பாருங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்த ராத்திரி வரைக்கும் விங்ல எனக்கும் ஒரு பட்டப்பேரு இருந்துச்சு. குழாய். முதல் வருஷம் சேர்ந்த மூணாவது நாள், ஒரு சீனியர் முன்னாடி அழுதுட்டேன். ஓட்டைக் குழாய். அது சுருங்கி குழாய். லேப்ல குழாய், மெஸ்ல குழாய், கிரிக்கெட்ல குழாய். எங்க அம்மா போன் பண்ணா, "குழாய், உங்க வீட்டுல இருந்து"ன்னு கத்துவானுங்க. ஒன்றரை வருஷம்.

இப்ப அந்தக் கடைசி சீனுக்கு வாங்க. மூஞ்சி உறைஞ்சு நிக்குது. அந்தச் சத்தம். ரூம்ல ஒரு மூணு செகண்டு எவனும் வாயைத் திறக்கல. நிஜமாவே பயந்துட்டோம். அந்த மாதிரி நேரத்துல யாராவது ஒருத்தன் எதையாவது சொல்லி உடைக்கணும்னு பத்துப் பேரும் காத்துட்டிருப்பானுங்க, தெரியும்ல?

நான் சொன்னேன். இருட்டுல.

"டேய், நம்ம ஏஞ்சலா ஏன் அஞ்சு மணிக்கே குளிக்கிறான்னு இப்பதான்டா புரியுது."

ரூம் வெடிச்சுது. கட்டில் ஆடுச்சு. பக்கத்து ரூம்காரன் சுவத்தைத் தட்டுனான். எவனோ லைட்டைப் போட்டான். எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பிப் பாத்தோம்.

அவனும் சிரிச்சிட்டிருந்தான்.

*

மறுநாள் காலைல மெஸ்ல யாரும் என்னைக் குழாய்னு கூப்பிடல. அதுக்கப்புறம் யாருமே கூப்பிடல. அந்தப் பேரு போயே போச்சு. விங்குக்கு ஒரு பேரு போதும் போல.

அவன் மிச்சம் ரெண்டு வருஷமும் ஏஞ்சலா. ஜூனியர் பசங்க படத்தைப் பாக்காமலே கூப்பிட்டானுங்க. ஒரு ப்ரொபசர் அது அவன் வீட்டுப்பேருன்னு நெனச்சு ஒருதடவை கிளாஸ்லயே கூப்பிட்டாரு. ஃபேர்வெல் அன்னிக்கு டி-ஷர்ட்ல எல்லாரும் கையெழுத்துப் போடுவோமே, அவன் முதுகுல பெருசா அந்தப் பேரு. நான் எழுதல. ஆனா நான்தான் எழுதுனேன், புரியுதுல்ல?

யார் ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருட்டுதானேன்னு நெனச்சிட்டிருந்தேன். வருஷக்கணக்கா அதுல ஒரு நிம்மதி.

*

2023-ல நாலு மாசம் ஆன்சைட், நியூ ஜெர்சி. க்ளையண்ட் பக்கம் ஒரு மேனேஜர், அம்பது வயசு இருக்கும். நம்மகூட உக்காந்து டீ குடிக்கிற டைப். ஒருநாள் பேச்சு சினிமாப் பக்கம் போச்சு. நம்ம பீட்டர விட்டேன், எனக்கும் உங்க கேம்ப் படமெல்லாம் தெரியும்னு. மனுசன் நிமிந்து உக்காந்துட்டாரு. எண்பதுகள்ல நாலு கோடைக்கு நியூயார்க் மாநிலத்து மலைப்பக்கம் கேம்ப்புக்குப் போனவராம்.

அவர் சொல்லித்தான் அந்த ஊர் கேம்ப்னா என்னன்னே எனக்குச் சரியாப் புரிஞ்சுது. நம்ம ஊர் சம்மர் கேம்ப்னா காலைல பத்து மணிக்குப் போய் கீபோர்டும் ஓவியமும் கத்துக்கிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துடுறது. அங்க ஜூன் கடைசில பள்ளிக்கூடம் மூடுனதும் பஸ்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. சில பசங்க ஒரு வாரம், சில பசங்க ரெண்டு மாசம். கேபினுக்குப் பத்துப் பேரு. பாத்துக்கிற கவுன்சிலருக்கே வயசு பதினெட்டு, பத்தொம்பதுதான். வீட்டுக்கு எழுதுறதுன்னா கடுதாசி. அப்பா அம்மா வர்றது நடுவுல ஒருநாள், அவ்ளோதான்.

"மத்த கேம்ப் படமெல்லாம் இருபத்தஞ்சு வயசு ஆளுங்க பீர் குடிக்கிற படம். இதுல மட்டும்தான் நெஜமாவே பசங்க இருக்காங்க"ன்னாரு. "அந்த வயசுப் பசங்க அப்படித்தான் பேசுவாங்க, அப்படித்தான் படுத்துவாங்க. கத்தியை எடுத்துட்டா அது டாக்குமெண்டரி. அந்த மேனேஜர் கிழவரைக் கவனிச்சியா? பொணம் விழுந்துட்டே இருக்கு, அவரு விபத்து விபத்துன்னு சொல்லி கேம்ப்பை மூட விடாம ஓட்டுவாரு. எங்க கேம்ப்லயும் பெரியவங்க கண்ணுக்கு எதுவுமே தெரியாது. எனக்குப் பயமா இருந்தது அதுதான்."

நீங்க கேம்ப்ல எந்தப் பக்கம்னு கேட்டேன். டீயைக் கீழ வெச்சாரு. "வருஷத்துக்கு ஒரு பக்கம்"னாரு.

*

போன சனிக்கிழமை திரும்பப் பாத்ததுக்கு அவர்தான் காரணம். அந்த வாக்கியம் ரொம்ப நாளா உள்ள ஓடிட்டிருந்துச்சு. பாத்து முடிச்சதும், மத்தவங்க இந்தப் படத்தைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடித் தேடிப் படிச்சேன். இதைப் பாத்தவங்களை மூணு கட்சியாப் பிரிக்கலாம்.

முதல் கட்சி, மொக்கை ரசிகர்கள். அத்தை, ஒட்டு மீசை, தொப்புள் தெரியுற சட்டை, எட்டணா நடிப்பு. சிரிக்கிறதுக்குன்னே நண்பர்களைக் கூட்டி வெச்சுப் பாக்குறவங்க. நாங்க அந்தக் கட்சியோட ஹாஸ்டல் கிளை.

ரெண்டாவது கட்சி, கடைசி சீன் பக்தர்கள். எண்பது நிமிஷம் சுமாராப் போற படம், கடைசி ஒரு நிமிஷத்துல மண்டைக்குள்ள ஆணி அடிக்குது, வாழ்நாளுக்கும் மறக்க முடியாதுன்னு சொல்றவங்க. உண்மைதான். மறக்க முடியல.

மூணாவது கட்சிதான் நான் அதுவரைக்கும் கேக்காத கட்சி. அந்த முடிவு யாரைப் பயமுறுத்த, எதை வெச்சுப் பயமுறுத்துதுன்னு கேக்குறவங்க. அந்த சீன்ல நாம எதுக்குக் கத்துறோம்? வெட்டுப்பட்ட தலை ஒண்ணு இருக்கு. ஆனா கேமரா காட்டுறது உடம்பை. கொலை பண்ணதை விட அந்த உடம்புதான் பெரிய பயங்கரம்ங்கிற மாதிரி. 1960-ல 'சைக்கோ', 1980-ல 'ட்ரெஸ்ட் டு கில்'னு ஏற்கனவே ஒரு வரிசை இருக்கு, பொண்ணு வேஷத்துல இருக்குறவன்தான் கொலைகாரன்னு. அந்த வரிசைல இதையும் சேக்குறாங்க. அப்பாவும் இன்னொரு ஆணும் ஒண்ணா இருந்ததைக் குழந்தைங்க பாக்குற மாதிரி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் வரும். அதையும் கொலைக்குக் காரணமா முடிச்சுப் போடுதா படம்னு சண்டை நடக்குது.

இதுல என்னை நிறுத்துனது ஒண்ணுதான். அந்தக் கட்சி ஒரே குரல்ல பேசல. திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் எழுதுனதுலயே ஒருத்தர் இந்தப் படம் என்னைக் காயப்படுத்துச்சுங்கறாரு. இன்னொருத்தர் ஏஞ்சலா என் ஆளு, அவளை யாருக்கும் விட்டுத்தர மாட்டேங்கறாரு. கேக்காமலே ஒரு பாலினத்தை மேல திணிச்சு வளத்தா என்ன ஆகும்னு சொல்ற படம் இது, தப்பு அத்தை மேலதான்னு ஒருத்தர். அதுவும் சரிதான்னு தோணுது. ஒரே சீன். எல்லாரும் பாத்தது ஒரே மூஞ்சி.

நம்ம பக்கம் திருநங்கைங்கிற மரியாதையான சொல் பேப்பர்லயும் அரசாணைலயும் புழக்கத்துக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. மூணாம் பாலினம்னு சட்டப்படி அங்கீகரிச்ச சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2014 ஏப்ரல்ல வந்துச்சு. நான் காலேஜ்ல சேர்ந்த அதே வருஷம். ஜெனரல் நாலெட்ஜ் கேள்வியா அதைப் படிச்சு மார்க் வாங்கியிருக்கேன். ஹாஸ்டல்ல நாங்க புழங்குன வார்த்தைகள் வேற. அவன் யாரு, என்னங்கிறது எனக்கு இன்னிக்கும் தெரியாது. வெறும் மெல்லிசான குரல் இருக்குற ஒரு பையனா இருக்கலாம். எதுவா இருந்தாலும் அதைக் கேக்குற உரிமை எனக்கு இல்ல. ஒரு பேரு வெச்சு அந்தக் கேள்வியை ரெண்டு வருஷம் அவன் முதுகுல ஒட்டிவிட்டவன் நான்.

*

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் போன் பண்ணேன். காலேஜ் குரூப்ல நம்பர் இருந்துச்சு. அந்த குரூப்ல அவன் ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல. ஓசூர்ல ஒரு கம்பெனில இருக்கான்.

"சொல்லுடா. எப்படி இருக்க?" அதே குரல்.

வேலை, வீட்டு வாடகை, மழைன்னு ஒரு பத்து நிமிஷம் சுத்துனேன். அப்புறம் கேட்டேன். "டேய், ஹாஸ்டல்ல ஒரு படம் பாத்தோமே, ஞாபகம் இருக்கா?"

எந்தப் படம்னு கேப்பான்னு எதிர்பாத்தேன். கேக்கல.

"நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. இருட்டா இருந்தா குரல் தெரியாதா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. சாரின்னு ஆரம்பிச்சு, பெருசா ஏதோ உளறுனேன். முன்னாடியே கூப்பிட்டிருக்கணும், எனக்கும் அப்ப ஒரு பேரு இருந்துச்சு, அது போகணும்னு, அப்படி இப்படின்னு. அவன் குறுக்க பேசல. முடிச்சதும், "ம்ம், குழாய்"னான். ஒன்பது வருஷம் ஆச்சு அந்தப் பேரைக் கேட்டு. வயித்துல ஏதோ இழுத்துச்சு.

"பாத்தியா, எப்படி இருக்கு?"ன்னான்.

"நல்லா இல்லடா."

"ம்ம்." கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் சத்தமில்ல. அப்புறம் அவனே சொன்னான். "பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ்."

வெச்சுடுவான்னு நெனச்சேன். வெக்கல. "படம் நல்லாத்தான் இருந்துச்சுடா. அதுக்கப்புறம் நானே தனியா நாலஞ்சு தடவை பாத்திருக்கேன்"னான்.

தூக்கிவாரிப்போட்டுச்சு. "ஏன்டா?"

"கடைசி சீன் பாக்க மாட்டேன். அவ ஏரிக்கரைக்குப் போவால்ல, அங்கயே நிறுத்திடுவேன். அதுவரைக்கும் அவளை யாரும் பாக்கலடா. அவதான் எல்லாரையும் பாத்துட்டிருப்பா."

இதைப் பத்தி எழுதலாமான்னு கேட்டேன். யோசிச்சான். "என் பேரு போடாத. மத்தபடி எழுது. நீ சொன்னதை அப்படியே எழுது. யாரோ சொன்னாங்கன்னு எழுதாத."

அப்படியே எழுதியிருக்கேன்.

*

படம் எப்படி, பாக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: நடிப்பு சுமார். இசை பரவாயில்ல. அத்தை, மீசை ரெண்டும் அமோகம். பசங்க பசங்களைப் படுத்துற காட்சி எல்லாம், அந்த மேனேஜர் சொன்ன மாதிரி, நடிப்பு மாதிரியே இருக்காது. முடிவைப் பத்தி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல. காயம்பட்டேன்னு சொல்றவங்க சொல்றது சரின்னு தோணுது. அவ என் ஆளுன்னு சொல்றவங்க சொல்றதும் சரின்னு தோணுது. தீர்ப்பு சொல்ற எடத்துல நான் இல்லைங்கிறது மட்டும் தெரியுது.

நேத்து ராத்திரி இன்னொரு தடவை போட்டேன். இந்தத் தடவை விசில், கைத்தட்டல் எதுவும் இல்ல, ரூம்ல நான் மட்டும்தான். அவ ஏரிக்கரைக்குப் போற எடம் வந்துச்சு. நிறுத்திட்டேன். இன்னும் சில நிமிஷம் பாக்கி இருந்துச்சு.

லேப்டாப்பை மூடிட்டு, காலைல அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சுப் படுத்தேன். பச்சத்தண்ணிலதான் குளிச்சேன். செம குளிர். இதனால ஒண்ணும் சரியாயிடாதுன்னு தெரியும். இருந்தாலும்.